பதிமூன்றால் வகுத்தால்

மை நாடாவின் நெடியும் இரண்டு ஓரத்திலும் வரிசையாய்த் துளைகளும் கொண்ட, மடித்து மடித்து வரும் அந்தக் கம்ப்யூட்டர் தாளை எங்கள் வீட்டில் 'ஓட்டைத்தாள்' என்போம். கல்பாக்கத்தில் ஓர் ஆபீசைப் பெருக்கிக்கொண்டிருந்த அப்பா, அங்கே வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வருவார், பின்பக்கம் முழுக்க என் ராஜ்ஜியம்.

பத்தாம் வகுப்பில் அதில்தான் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்ணிக்கையில் இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழிக்கும் பைத்தியம் பிடித்தது. மூன்று, ஏழு, முப்பத்தொன்று, நூற்றிருபத்தேழு என்று அழகழகாய்ப் பகா எண்கள் வந்தன. 2047 மட்டும் 23-இல் வகுபட்டு என்னை நன்றாக ஏமாற்றியது. பதினேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தபோது வந்த 131071-ஐ, 'இது பகா எண்' என்று ஒருநாள் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

கணக்கு சார் சிரித்தார். "இலக்கத்தையெல்லாம் கூட்டு. பதிமூணு வருதா? அப்ப பதிமூணால போவும். அழிச்சிட்டு ஒக்காரு." மூன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ள விதியைப் பதிமூன்றுக்கு மாட்டினால் எப்படி? சொன்னேன். "தப்புன்னு திங்கக்கெழம ஒத்துக்கினா சரி, இல்லன்னா ப்ளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப்பு லிஸ்ட்ல உன் பேரு இருக்காது" என்றார். வகுப்பே சிரித்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

131071-இன் வர்க்கமூலம் 362-ஐ ஒட்டியது. அதற்குள் இருக்கும் எழுபத்திரண்டு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். சனி, ஞாயிறு இரண்டு பகலும் வகுத்தேன். நாற்பதாவது கணக்கைத் தாண்டியதும் விரல் வீங்கி, எதிலாவது போய்விடுமோ என்ற பயத்தில் அழுதேவிட்டேன். நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா, சேற்றுக் காலோடு வாசலில் நின்று கேட்டாள்: "ஒவ்வொண்ணுக்கும் மீதி வருதுல்ல? அப்புறம் இன்னாத்துக்குடி அழுவுற?"

வந்தது. 359 வரை மீதி வந்துகொண்டேதான் இருந்தது.

திங்கட்கிழமை தாளை மேசைமேல் விரித்தேன். அது மடிப்பு மடிப்பாக இறங்கித் தரையில் கிடந்தது. சார் அதைப் பார்க்கவே இல்லை. "அப்ப பதிமூணால மட்டும் நீங்களே போட்டுப் பாருங்க சார்" என்று சாக்பீசை நீட்டினேன். போட்டார். மீதி ஐந்து. மறுபடி போட்டார், அதே ஐந்து. பலகையைத் துடைத்துவிட்டு "சரி, ஒக்காரு" என்றார். என் பெயரை அடிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இன்று நாவலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில், இதைவிடப் பல நூறு இலக்கம் நீண்ட பகா எண்களை நம்பித்தான் தகவல்களைக் காக்கும் எங்கள் கம்ப்யூட்டர் பூட்டுகள் எல்லாம். 131071-ஐத் தட்டினால் கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. அந்த ஓட்டைத்தாளும் இல்லை, அது ஓடிய அச்சுப்பொறியின் கிறீச் சத்தமும் இல்லை. என் எழுபத்திரண்டு கணக்கையும் பழைய வீட்டுப் பரணில் கரையான் தின்று தீர்த்துவிட்டது. தின்னட்டும். மற்ற மீதிகளெல்லாம் மறந்துபோயின. பதிமூன்றால் வகுத்தால் ஐந்து.