சந்திரமதி டீச்சர் வரைந்த சிப்பிகள்

தோட்டத்தில் சந்திரமதிக்கு ‘கேரங் டீச்சர்’ என்று பெயர். கல்லாகிப் போன சிப்பிகளை வீடு நிறைய வைத்திருந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது; கேரங் என்றால் மலாயில் சிப்பி.

மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் அவர் ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்த வருடம், கொழுந்து பறிக்கும் சரிவில் விழுந்து அவருடைய அம்மாவின் இடுப்பு ஒடிந்தது. சந்திரமதி கிட்டத்திலேயே ஆசிரியர் பயிற்சியை முடித்தார். லோரி ஓட்டும் முருகையாவைக் கட்டிக்கொண்டார்.

1976இல் முருகையாவுக்கு லிப்பிஸ் நகருக்கு வடக்கே, புதுச் சாலை வெட்டும் இடத்தில் மண் ஏற்றும் வேலை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஒரு தடவை கோணிச் சாக்கு ஒன்றைச் சமையலறையில் தொப்பென்று இறக்கினார்.

“இந்தா, ஒனக்குத்தான். கல்லுக்குள்ள கேரங்கு லா! கையளவு இருக்கு பாரு.”

பள்ளி விடுமுறையில் சந்திரமதி அவரோடு லோரியில் போய் அந்த இடத்தைப் பார்த்தார். வெட்டிய மலை முழுக்கக் கறுத்த களிமண் பாறை. அதில் ஒரு பூச்சியின் தடம்கூட இல்லை. நடுவில் மட்டும் வீட்டளவு சுண்ணாம்புக் கட்டி ஒன்று. அதற்குள் சிப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

கோலாலம்பூரில் விரிவுரையாளராக இருந்த டாக்டர் பசுபதிக்கு அவர் கடிதம் எழுதினார். சிப்பிகளை எப்படி விவரிப்பது என்று ஒரு புத்தகத்தை அனுப்பி, “வரைந்து, அளந்து, எழுதி வையுங்கள்” என்று பசுபதி பதில் போட்டார். மூன்று வருடம் சந்திரமதி வேறெதையும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளவில்லை. ஊசியால் கல்லைச் சுரண்டிச் சுரண்டி சிப்பி ஓடுகளை வெளியே எடுப்பார். நீளம், உயரம், இரண்டு ஓடும் சேரும் கீலில் எத்தனை பல், தசை ஒட்டியிருந்த தழும்பு எங்கே என்று ஒவ்வொன்றையும் எழுதுவார். மொத்தம் நாற்பத்தொரு சிப்பிகள். கல்லைப் புதிதாக உடைக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதையும் எழுதினார்.

1979இல் பசுபதி நேரில் வந்தார். தாள்களைப் புரட்டிக்கொண்டே போனவர், சிப்பிகள் அங்கேயே வாழ்ந்தவை என்று சந்திரமதி எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் நின்றார். “படமெல்லாம் பிரமாதம் டீச்சர். இது மட்டும் வேணாம்.”

“ஏன் சார்?”

“அந்தக் களிமண் ஆழ்கடல்ல படிஞ்சது. அங்க வெளிச்சம் இல்ல, பாசி இல்ல. இவ்வளவு பெரிய சிப்பி எதைத் தின்னு வாழும்? கரையோரத்துல இருந்து சரிஞ்சு விழுந்திருக்கும்.”

“சரிஞ்சு விழுந்திருந்தா ரெண்டு ஓடும் பிரிஞ்சிருக்கணுமே சார். எல்லாம் மூடின வாக்குல, நட்டு வச்ச மாதிரி நிக்குது. அங்கேயே பொறந்து வளந்ததுதான்.”

“எதைத் தின்னு?”

பசுபதி கடைசிப் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். நாற்றம் பற்றிய வரியையும் அடித்தார். சிப்பிகளையும் தாள்களையும் பெட்டியில் அடுக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அப்போது சந்திரமதிக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் 1985இல் ஓர் அறிவியல் சஞ்சிகையில் வந்தது. ஆழ்கடலின் அடியில் மீத்தேனும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவும் கசியும் இடங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். கும்மிருட்டில், அங்கே சிப்பிகள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் செவுள்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கசியும் வாயுக்களைக் கொண்டே அவற்றுக்கு உணவு தயாரிக்கின்றன. கசிவைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகுகிறது. சந்திரமதி மூன்று முறை படித்தார். அன்றைக்கே பசுபதிக்கு எட்டுப் பக்கம் எழுதினார். அதற்கும், பிறகு போட்ட நான்கு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

1987இல் முருகையா பெயருக்கு ஒரு தபால் வந்தது. பசுபதியும் ஒரு வெள்ளைக்காரரும் சேர்ந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை. சந்திரமதியின் படங்கள், மூலையில் அவர் போட்டிருந்த கையெழுத்து மட்டும் இல்லாமல். அவருடைய வாக்கியங்கள் அப்படியே. புது இனமென்று சிப்பிக்கு வைத்திருந்தது பசுபதியின் பேராசிரியர் பெயர். வாயுக் கசிவுக்கு முதல் ஆதாரம் அழுகிய முட்டை நாற்றம். கடைசியில், கற்களைக் கொண்டுவந்த லோரி ஓட்டுநர் முருகையாவுக்கு நன்றி.

“எம் பேரு போட்ருக்கானா! எங்க, காட்டு.” முருகையா விரலை வைத்துப் பார்த்தார். “ஒன்னுது எங்க?”

“இல்ல.”

“போட்டிருக்கணும்தான்.” விரலைத் தன் பெயரிலிருந்து எடுக்கவில்லை. “ஆனா கல்லு நாந்தானே கொண்டாந்தேன்?”

மறுநாள் அதைப் பிரிஞ்சாங் காப்பிக் கடைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினார்.

சந்திரமதி பஸ் ஏறி கோலாலம்பூர் போனார். பசுபதி உட்காரச் சொல்லி, குடிக்க மைலோ வரவழைத்தார்.

“படம் வரைஞ்சு குடுத்தீங்க டீச்சர். அது உதவி. ஆராய்ச்சி வேற.”

“நான் எழுதின கடைசிப் பக்கம்?”

“எந்தக் கடைசிப் பக்கம்?”

“சிப்பிகளையாவது குடுங்க.”

“எண் போட்டு மியூசியத்துக்குப் போயாச்சே.”

கட்டுரை வந்த இதழுக்குச் சந்திரமதி எழுதினார். எழுதியவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று மூன்று மாதம் கழித்து இரண்டு வரி வந்தது.

1989இல் அந்த வெள்ளைக்காரர் பசுபதியோடு தோட்டத்துக்கே வந்தார். சாலை வெட்டிய இடத்தை முருகையா காட்ட வேண்டும். சந்திரமதி தேநீர்த் தட்டை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “இந்தச் சிப்பிகளை வரைந்தவள் நான். விவரித்ததும் நான்தான்.”

வெள்ளைக்காரர் பசுபதியைப் பார்த்தார்.

“ஆமாம், டீச்சருக்கு ஓவியத்தில் நல்ல கை” என்றார் பசுபதி.

“அழகான பொழுதுபோக்கு” என்று வெள்ளைக்காரர் சிரித்தார். பிறகு திரும்பி முருகையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சந்திரமதி கணவரைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு புரியாது. ஆனால் மனைவியின் முகம் புரிந்திருக்கும். அவர் காரின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். சரிவு முழுக்க சிமெண்டு பூசிவிட்டார்களாம், பார்க்க ஒன்றுமில்லையாம். வெள்ளைக்காரர் தம் சுத்தியலை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டாராம். கைப்பிடியில் அந்த வெள்ளைக்காரரின் பெயர் பொறித்த சுத்தியல்.

“ஹால்ல மாட்டணும். ஆணி எங்க வச்சிருக்க?” என்று கேட்டார்.

“தெரியாது” என்று சொல்லிவிட்டு, சந்திரமதி பள்ளி நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார்.