விட்பியில் வாங்கிய கியர்பொக்ஸும் நாலாவது ஆளும்

பழைய ரேஸ் கியர்பொக்ஸ் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து வாங்குவது எப்படி என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் போய் வந்த கதையைச் சொல்கிறேன். எங்களைப் போலப் போகாமல் இருக்கவும் இது உதவும்.

எங்களுடையது பழைய இரண்டு கதவு அமெரிக்கன் கார். நேர் பாதையில் கால் மைலை யார் முதலில் கடப்பது என்று ஓடுகிற ட்ராக் ரேஸுக்கென்றே யூனியன்வில் வீட்டுக் கராஜில் அதை வைத்திருக்கிறோம். ஓகஸ்ட் கடைசியில், தொடக்கக் கோட்டில் பச்சை விளக்கு எரிந்ததும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது, கார் அசையவில்லை. ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் கதை முடிந்தது. சீசனில் மிச்சம் ஒரேயொரு ஞாயிறு. திருத்தக் கொடுத்தால் பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். ஆகவே பழையது ஒன்று தேடி, விட்பியில் ஒருவர் போட்ட விளம்பரத்தைக் கண்டுபிடித்தேன். செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்.

காரை ஓடுவது நான். கணவர் ரமேஷ் ரயர் காற்றுப் பார்ப்பார், வீடியோ எடுப்பார், சான்ட்விச் கட்டுவார். ஆனால் அவருடைய அம்மா, என் மாமி, எங்களோடு வந்து இருக்கத் தொடங்கிய காலத்தில் கராஜைப் பார்த்து "உதை ஆர் ஓடுறது?" என்று கேட்க, மருமகள் ஓடுகிறாள் என்றால் வீடு இரண்டுபடும் என்று பயந்து, "நான்தான் அம்மா" என்று சொல்லிவிட்டார் மனிசன். அன்றிலிருந்து ஒவ்வொரு ரேஸ் ஞாயிறும் வாசலில் வைத்து மாமி அவருக்குத் திருநீறு பூசி, "கவனமா ஓடு ராசா" என்று அனுப்புவார். நான் பின்னால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு துளி வியர்வை படாமல் அந்தத் திருநீறு பின்னேரம்வரை அவர் நெற்றியில் அப்படியே இருக்கும். எனக்கு அதைப் பார்க்கும் போதெல்லாம் எரிச்சல் வரும், கொஞ்சம் பொறாமையும்தான்.

சரி, பயணத்துக்கு வருவோம். பாரம் தூக்க ஆள் வேண்டும் என்று ரமேஷின் நண்பர் செல்வா, சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து வெள்ளி இரவே வந்து பேஸ்மென்ரில் படுத்துவிட்டார். காலை எட்டரைக்குச் சப்பாத்துப் போடும்போது மாமி படியில் நின்று எங்களை எண்ணினார்.

"நல்ல காரியத்துக்கு மூண்டு பேராப் போறியளே?"

"அம்மா, இது கியர்பொக்ஸ்" என்றார் ரமேஷ்.

"காசு குடுத்துத்தானே வாங்கப் போறாய்? ஒன்பதுக்கு ராகுகாலம் வேறை. பொறுங்கோ, நானும் வாறன்."

வாதாட நேரமில்லை. மத்தியானத்துக்குப் பிறகு இன்னொருவர் பார்க்க வருகிறார் என்று விற்கிறவர் சொல்லியிருந்தார். மாமி கைப்பையோடும் ஒரு பெட்டி கடலை வடையோடும் முன் சீற்றில் ஏறினார். இங்கேதான் எங்கள் மூளை வேலை செய்யவில்லை. எங்களிடம் இருப்பது சின்ன ஹச்பாக் கார். பின் சீற்றை மடித்தால்தான் கியர்பொக்ஸ் உள்ளே போகும். அதற்காகவே முதல்நாள் மடித்து வைத்த சீற்றை, நாலு பேர் இருக்க வேண்டுமே என்று நானே நிமிர்த்திவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

407 நெடுஞ்சாலையில் ஏறினால் விட்பியின் வடக்குப் பக்கத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ரமேஷ் ஓடியதால் எங்களுக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது கரை லேனை விட்டு அவர் அசையவேயில்லை. புதுக் குடியிருப்புகள் முடிந்து சோளக் காணி தொடங்குகிற இடத்தில் வீடு. விற்கிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், அமைதியான மனிதர். அவரும் ரேஸ் ஓடுகிறவர்தான். மூன்று கியர் பெட்டிக்கு மாறுவதால் இந்த இரண்டு கியர் பெட்டியை விற்கிறாராம். நம்பக்கூடிய காரணம்.

கியர்பொக்ஸை மரச் சட்டத்தில் பூட்டி வைத்திருந்தார். பக்கத்தில் எஞ்சினோடு இணைக்கிற கொன்வேட்டர், பெரிய பூசணிக்காய் அளவில். மாமி வெளியே தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் ஓட்டுகிறீர்கள்?" என்று விற்கிறவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

ரமேஷ் தக்காளிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான்" என்றார்.

"எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் சுற்றும்போது காரை விடுகிறீர்கள்?"

ரமேஷ் என்னைப் பார்த்தார். செல்வா கூரையைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்காது. "மூவாயிரத்து எண்ணூறு. ட்ரான்ஸ்பிரேக் வேலை செய்யுதா?" என்றேன். ட்ரான்ஸ்பிரேக் என்பது பச்சை விளக்குவரை காரைப் பிடித்து வைத்து, பொத்தானை விட்டதும் பாய விடுகிற பகுதி. அவர் பற்றரியைக் கொழுவ, 'டிக்' என்று சுத்தமாக அடித்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. நிலத்தில் அட்டையைப் போட்டுப் படுத்து, அடித்தட்டைக் கழற்றச் சொல்லி, எண்ணெயை விரலில் தொட்டு மணந்தேன். சிவப்பாக இருந்தது, கருகல் மணம் இல்லை. தட்டில் மெல்லிய சாம்பல் பசை மட்டும்தான், இரும்புச் சிராய் இல்லை. முன் தண்டின் பற்களை ரோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் முறுகவில்லை. சந்தோசத்தில் எழும்பிப் பார்த்தால், கராஜ் வாசலில் மாமி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

ஆயிரத்து அறுநூறு டொலர் கேட்டவர், கொன்வேட்டரோடு ஆயிரத்து நானூறுக்குத் தந்தார். ஏற்றப் போனபோதுதான் விடிந்தது. பின் சீற்றின் பெரும்பகுதியை மடித்து, சட்டத்தோடு கியர்பொக்ஸைத் தள்ளி, கொன்வேட்டரையும் வைத்தால், பின்னால் ஒரு ஆள் ஒடுங்கி இருக்கத்தான் இடம். கியர்பொக்ஸின் வால் பக்கத்தால் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. மாமி கைப்பையைத் திறந்து, ஒரு சொப்பிங் பையும் இரண்டு ரப்பர் பான்டும் எடுத்து இறுக்கிக் கட்டினார். ஒழுக்கு நின்றது.

"அன்ரி ட்ரெயின்ல போக ஏலாது, நான் போறன்" என்றார் செல்வா.

"அப்ப நாங்கள் மூண்டு பேரா வாறதோ? புதுச் சாமானோடை? நீங்கள் ரெண்டு பேரும் காரிலை போங்கோ தம்பி. இறக்க ஆம்பிளையள் வேணும். நானும் பிள்ளையும் ட்ரெயினிலை வாறம்."

விட்பி ஸ்ரேசனில் எங்களை இறக்கிவிட்டார்கள். சனிக்கிழமை அரை மணிக்கொரு ட்ரெயின் இருக்கிறது. கில்ட்வூட்டில் இறங்கினால் ரமேஷ் வந்து ஏற்றுவார். மேல் தட்டில் யன்னலோரம் இருந்தோம். மாமி வடைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். என் கை முழுக்க எண்ணெய். ஒரு வடையை எடுத்து ரிசுத் தாளில் சுற்றித் தந்தார். பிக்கரிங் தாண்டியதும் ஏரி தெரிந்தது.

"ஏன் பிள்ளை, ஏதோ மூவாயிரத்து எண்ணூறு எண்டியே, அது கனக்கவோ?"

நான் வடையைத் திரும்ப ரிசுத் தாளில் வைத்தேன். "மாமி, அது..."

"எனக்குத் தெரியும். அவன் ஹைவேயிலை லேன் மாத்தவே நடுங்குறவன், ரேஸ் ஓடுவானே? போன வருசம் ஹெல்மெட்டைத் துடைச்சு வைப்பம் எண்டு எடுத்தன். உள்ளுக்கை முழுக்க நீட்டு நீட்டா உன்ரை தலைமயிர்."

"ஒரு வருசமாத் தெரியுமா? பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். அவன் பொய் சொல்லுறான் எண்டு கோவம். நீயும் பேசாமல் நிக்கிறாய் எண்டு அதைவிடக் கோவம்." வடைப் பெட்டியை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். "நீ ஓடுறது பயம்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. அதாலைதான் இண்டைக்கு நாலாவது ஆளா வந்தனான்."

எனக்கு அழுகை வந்தது. துடைத்தால் முகமெல்லாம் எண்ணெய் ஆகும் என்று அப்படியே விட்டேன். மாமி தன் கைலேஞ்சியைத் தந்தார். கில்ட்வூட் வரும்வரை ஆர்பிஎம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அடித்தட்டைக் கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள். எண்ணெய் கறுத்து, தாளிதம் கருகின மாதிரி மணந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். பன்னிரண்டு வோல்ட் பற்றரியும், அட்டையும், பழைய துணியும் கொண்டு போங்கள். வால் பக்கத்தைக் கட்ட சொப்பிங் பையும் ரப்பர் பான்டும் கட்டாயம். ஆட்களை எண்ணிய பிறகு சீற்றையும் எண்ணுங்கள். முடிந்தால் ட்ரெயினிலும் ஏறுங்கள், ஆளுக்குப் பத்து டொலர்கூட வராது, ஏரியைப் பார்க்கலாம்.

கியர்பொக்ஸைப் பூட்ட ஒரு வாரப் பின்னேரங்கள் போயின. ஞாயிறு விடிய ரமேஷும் செல்வாவும் நானும் வெளிக்கிட்டோம். வழமைபோல ரமேஷ் நெற்றியைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாமி அவரை விலக்கிவிட்டு என்னிடம் வந்தார். திருநீறு அள்ளி, மூக்கில் கொட்டாமல் கையால் மறைத்துப் பூசினார்.

"கவனமா ஓடு ராசாத்தி."

நான் குனிந்து சப்பாத்தைப் போட்டு நிமிர்ந்தபோது, மாமியும் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.