பாதியில் நின்றுவிட்ட அணு

மூத்தவன் இரண்டு வயதில் போனான். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இறங்கவே இல்லை. அடுத்தவன் பிறந்து ஆறு மாதம் கொழுகொழுவென்று இருந்தான். பிறகு காதில் சீழ், அதன் பிறகு இருமல். அதே இருமல். தெருவெல்லாம் விசைத்தறி ஓடும் சத்தத்திலும் எனக்கு அது தனியாகக் கேட்கும். எந்தப் பிள்ளை இருமுகிறது என்று ஒரு கணம் குழம்பிப்போய்த் தொட்டிலை எட்டிப் பார்ப்பேன்.

கோவில் புற்றுமண்ணை நெஞ்சில் பூசினோம். மருந்து கொடுத்தால் தெளிவான், திரும்பவும் படுத்துவிடுவான்.

"இவனையும் மூத்தவன் கூப்பிடுதானோ" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் தொண்டையை வெகுநேரம் பார்த்தார். டான்சில் சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்றார். ரத்தம் சோதித்த பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"எலும்பு மஜ்ஜையில பி செல்னு ஒரு வெள்ளை அணு பிறக்கும்மா. அது வளர்ந்து வெளியே வந்து, கிருமியைக் கண்டதும் பெருகி, ஆன்டிபாடி சுரக்கிற செல்லா மாறணும். அந்த ஆன்டிபாடிதான் கிருமியை எதிர்க்கும். இவனுக்கு அந்த அணு மஜ்ஜையிலேயே பாதி வளர்ச்சியில நின்னுடுது."

"மொத ஆறு மாசம் நல்லாத்தான இருந்தான்?" என்றேன்.

"அது நீங்க கொடுத்தது. வயித்துல இருக்கும்போதே உங்க ஆன்டிபாடி அவனுக்குப் போயிருக்கும். அது தீர்ந்துபோச்சு."

என் அம்மாவுடன் பிறந்த ஆண்களைப் பற்றிக் கேட்டார். இரண்டு மாமாக்கள் இருந்தார்களாம், பால் மறந்த வயதிலேயே போய்விட்டார்களாம் என்றேன். அவர் பேனாவை மூடினார். இது தாய்வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும் நோய் என்றார்.

"யார் தப்பும் இல்லைம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது, நான் பார்த்தேயிராத அந்த இரண்டு குழந்தைகளும் மூத்தவனோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் மடி கனத்தது.

பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடியை மாதாமாதம் ஊசியாகப் போட்டோம். ஊசி போட்ட தொடை கட்டிப்போய் நொண்டுவான். ஆனால் காய்ச்சல் விட்டது. உடம்பு தேறியது. பள்ளிக்கூடம் போனான்.

ஒருநாள் ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் கேட்டான்.

"அண்ணனுக்கு ஏம்மா இந்த ஊசி போடல?"

"அப்போ எங்களுக்குத் தெரியாது மக்கா."

பிறகு அவன் அதைக் கேட்கவே இல்லை. ஊசி போடும் நாளில் மட்டும், யாரும் கூப்பிடுமுன்னே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான்.