முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பொருத்தம்

என் மாப்பிள்ளை கட்சியில் இருக்கிறார். கட்சியில் இருப்பவருக்குக் குட்டைச் சக்கரம் ஆகாதாம். அதனால் எங்கள் ஊர் தாமலில் நெல் ஏற்றிக்கொண்டிருந்த என் பழைய பிக்கப்புக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், யானைக்கால் மாதிரி நாலு டயர் மாட்டிக்கொண்டு வந்தார். லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி அது. ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. என் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும், அதற்குமேல் படிப்பு எனக்குத் தேவைப்பட்டதில்லை. புது டயரில் வண்டி நின்றால் அழகுதான். ஏரிக்கரை மேட்டில் ஏறச் சொன்னால்தான் மூச்சு வாங்கியது.

எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளையோடு நேரே பேசுகிற வழக்கமில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போதே மகளைப் பார்த்துச் சொன்னேன்: "வண்டி கொலு பொம்மையாட்டம் இருக்குதும்மா. அறுப்பு வருதே, நெல்ல நான் தலைல தூக்கிக்கினு வரட்டுமா?"

அதன் பிறகே ஐயம்பேட்டை மெக்கானிக்கிடம் போனோம். வேலையைவிட வாய் அதிகம் அந்த ஆளுக்கு. ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரில் ஒரு சாக்பீஸ் கோடும் அடியில் ஓடுகிற ராடில் ஒரு கோடும் போட்டார். பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்ற, ராடு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கூடவே சுற்றியது.

"இதாம்மா ரேஷியோ. டயரு பெருசாயிட்டுதில்ல, ராடு இன்னொரு சுத்து சுத்தணும். அப்பதான் இழுக்கும். உள்ள இருக்கற பல்லுச்சக்கரம், கிரவுன் பினியன், அத மாத்தணும். முன்னாடி ஆக்சிலு, பின்னாடி ஆக்சிலு, ரெண்டும் ஒரே ரேஷியோவா இருக்கணும்."

என் காதில் அது ராசி என்று விழுந்தது. "ரெண்டுக்கும் ராசி பொருந்தணுமா?" என்றேன்.

"அதேதான் பெரிம்மா! பொருந்தலன்னா ஒண்ணு முன்னாடி இழுக்கும், ஒண்ணு பின்னாடி இழுக்கும். குடித்தனம் ஆவாது."

மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "பின்னாடி மட்டும் மாத்துப்பா. வருசத்துக்கு ஒருவாட்டி போடற லீவருக்கு முன்னாடி எதுக்கு?"

"அப்ப அந்த லீவர மட்டும் தொட்டுடாத தலைவரே."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியாதது என்று ஒன்றை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் மகளுக்கு ஜாதகம் பார்த்த ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். மீதி இரண்டும் என்னென்ன என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பின் ஆக்சிலில் மட்டும் மாற்றிக்கொண்டு வந்தோம். அறுப்பு முடிந்தது. கழனியிலிருந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றிய நேரம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் முளைத்துவிடும். அந்தப் போகமே போச்சு. வெளியே வர அந்த ஏரிக்கரை மேடுதான் ஒரே வழி. பின்சக்கரம் தனியாக இழுக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், மாப்பிள்ளை அடிவாரத்திலேயே லீவரைப் போட்டார். பாதி மேட்டில் முன்சக்கரம் ஓடப் பார்த்தது, பின்சக்கரம் பிடித்து இழுத்தது. அடியில் மடார் மடார் என்று அடித்து, துள்ளி, நின்றுவிட்டது. லீவரை எடுத்தால் வரவில்லை.

மாப்பிள்ளை மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தொட்டுட்டியா தலைவரே? லீவரு கடிச்சிக்கினு இருக்குது. ரிவர்ஸ்ல கொஞ்சம் எறங்கு, தானா விட்டுடும்."

"கரைமேல நம்ம கட்சி ஆளுங்க பாத்துக்கினு இருக்காங்க. நான் பின்னாடி போறதா?" என்றார் மாப்பிள்ளை.

ஒரு துளி என் கைமேல் விழுந்தது. மகள் எங்கே என்று நான் தேடவில்லை. கதவோரம் போய் நின்றேன்.

"மாப்ள, உங்க மரியாத நனைஞ்சா காய வெச்சிக்கலாம். நெல்லு நனைஞ்சா மொளச்சிடும். பின்னாடி எறங்குங்க."

என்னை அவர் பார்த்த பார்வை, கட்சி மாறியவனைப் பார்ப்பது போல இருந்தது. ஆனாலும் இறங்கினார். இரண்டடி போவதற்குள் லீவர் டக்கென்று விட்டது. பின்சக்கரத்தின் இழுப்பிலேயே, முதல் கியரில், வண்டி முனகாமல் மேடேறியது. அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த மழை, நாங்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போதுதான் வலுத்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை.

மாப்பிள்ளை கரையில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பின்னாடி மட்டும் மாத்துனா போதும்னு நான்தான் சொன்னேன். பாத்தீங்களா, என்னமா ஏறிச்சு!"

"ஆமா மாப்ள, நீங்க சொல்லித்தான் ஏறிச்சு," என்றேன். "நாளைக்கு முன்னாடியும் மாத்திடறேன். சாவிய இப்படிக் குடுங்க."