உப்பில் கிடந்த உள்ளித்தோல்

அன்று சயன்ஸ் அறையில் இருந்தவர்கள்: திருவனந்தபுரத்திலிருந்து வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தலைமையாசிரியரான பெரிய சார், சயன்ஸ் சார், ஆறாம் பாரத்துப் பையன்கள் பத்தொன்பது பேர், சுவரோரமாக நான். ஆக இருபத்துமூன்று பேர். உட்கார இடம் போதுமோ போதாதோ என்ற கவலையில் மூன்று தடவை எண்ணியதால் இன்றும் மறக்கவில்லை.

எனக்கு அங்கே குப்பி கழுவுகிற வேலை. சேர்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிலையாக வைத்துக்கொள்வதா என்று சொல்ல முடியும் என்றிருந்தார் பெரிய சார். நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு நிழலில் நின்று செய்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்? அந்தப் பதினைந்து நாளையும் எப்படித் தாண்டுவது என்பதே என் நினைப்பு.

இன்ஸ்பெக்டர் முன்னால் செல் பாடம் நடத்துவது என்று முடிவாயிற்று. சயன்ஸ் சார் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: நல்ல ஊதா நிறத்துச் சின்ன உள்ளி வெங்காயமாகப் பார்த்து, மேல்தோலை மெல்லிசாக உரித்து வை. உரித்துவிட்டேன். உரித்த பிறகுதான் பயம் பிடித்தது. காற்றில் சுருண்டுவிட்டால்? வாடிவிட்டால்? எங்கள் பக்கத்தில் எது கெடக்கூடாதோ அதை உப்பில் போடுவோம். நெத்திலியானாலும் சரி, நார்த்தங்காயானாலும் சரி. நல்ல உப்புத் தண்ணீராகக் கரைத்து, தோலை அதில் மிதக்க விட்டேன். நிம்மதியாக இருந்தது.

சயன்ஸ் சார் பலகையில் படம் போட்டு விளக்கினார். சுவர் வைத்த அறைபோல ஒரு கட்டம். சுவரை ஒட்டி உள்ளே மெல்லிய சவ்வு. சவ்வுக்குள் கூழ், நடுவில் சாறு நிறைந்த பை, ஓரமாக ஒதுங்கிய கரு. உயிருள்ளது எல்லாம் இந்த அறைகளால் ஆனதுதான் என்றார். பிறகு தோலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது. என் பக்கம் வந்து காதோரம் கேட்டார்:

"என்னலே செய்து வச்சிருக்கே? எல்லாம் சுருங்கிக் கெடக்கு!"

"வாடிப் போவுமோண்ணு உப்பு வெள்ளத்துல போட்டேன் சாரே."

"உப்பிலயா? உள்ளித்தோலு என்ன கருவாடாலே?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முன்பெஞ்சுக்காரன் காதில் விழுந்துவிட்டது. "ரெண்டு நல்லமொளவும் தட்டிப் போட்டிருந்தா கஞ்சிக்கு ஆயிருக்கும், சார்" என்றான். வகுப்பே சிரித்தது. பெரிய சார் சிரிக்கவில்லை.

அதற்குள் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டார். "சுவர் அப்படியே நிற்கிறதே, உள்ளே இருப்பது மட்டும் ஏன் சுருண்டு கிடக்கிறது?"

சயன்ஸ் சார் தொண்டையைச் செருமினார். "உப்பு உள்ளே இருந்த தண்ணியை வெளியே இழுத்துட்டு, ஐயா. சவ்வு சுவரைவிட்டு விலகினாத்தான் அது தனியா இருக்குண்ணு கண்ணுக்குத் தெரியும். இனி பாருங்க." மூடிய சில்லின் ஒரு ஓரத்தில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். மறு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து உப்புத் தண்ணீரை உறிஞ்சினார்.

"வீங்குது... நிறையுது!" என்றார் இன்ஸ்பெக்டர், சிறுபிள்ளைபோல. பையன்களையும் வரிசையாகப் பார்க்க வைத்தார். கடைசியில், "உப்புப் போட்ட ஆள் பார்த்தாச்சா?" என்றார்.

பையன்கள் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். செங்கல் அடுக்கியதுபோல அறை அறையாக, ஒவ்வொன்றிலும் ஊதாச் சாறு. இன்னும் நிறையாத ஒன்று மூலையில் உருண்டையாகச் சுருங்கி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பிச் சுவரைத் தொட்டது. உரித்துப் போட்ட தோலுக்குள் உயிர் இருந்தது! இன்னும் தெளிவாகப் பார்க்கும் ஆசையில் பெரிய திருகைப் பிடித்துத் திருப்பினேன். தப்பான பக்கம். குழாய் இறங்கி, நறுக்கென்று கண்ணாடி இரண்டும் உடைந்தன.

அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கிளார்க் பெரிய சாரின் சீட்டை வாசித்துக் காட்டினார்: உடைந்த கண்ணாடிகளுக்குப் பதினான்கு சக்கரக் காசு, மாதம் இரண்டு சக்கரம் வீதம் சம்பளத்தில் பிடிக்கவும். எனக்கு அழுகை வந்தது. சயன்ஸ் சார் சிரித்தார்.

"எதுக்குலே கரையுதே? ஏழு மாசம் பிடிக்கணும்னா, ஏழு மாசம் சம்பளம் தரணுமில்லா? உன்னை வச்சுக்கிட்டாவ, மக்கா!"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரிதான். எட்டாம் மாதம் என்ன ஆகுமோ என்று உடனே ஒரு கவலை எழுந்தது. ஆனாலும் அன்று வீடுவரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் இரண்டு சக்கரம் பிடித்தார்கள். பாக்கி பன்னிரண்டு சக்கரம்.