ஜன்னல் சீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு சண்டை

ஆமாம், ஐம்பதைத் தாண்டிய வயதில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குத்தான் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போன மாதம் சென்னை ரயிலில் ஒருவர் இங்கிலீஷில் நாலு வார்த்தை விட்டதும், என் கீழ் பெர்த்தை அவருக்கே கொடுத்துவிட்டு, மேலே ஏறி முதுகு ஒடியப் படுத்து வந்தவன் நான். இந்த வாரம் மறுபடியும் போக வேண்டும்.

கதையைக் கேட்ட டீச்சர் இன்று இரண்டு நாற்காலியைப் போட்டார்.

"இது ரயிலு. ஜன்னல் சீட்டு ஒருத்தருக்குத்தான். இங்கிலீஷ்லயே பேசித் தீத்துக்கோங்க. தப்பா வந்தாலும் நிறுத்தக் கூடாது."

எனக்கு ஜோடி எப்போதும்வென்றான் ஊர்க்கார மிளகாய் வியாபாரி. நான் வாயைத் திறக்கும் முன்பே தோள் துண்டை ஜன்னல் பக்க நாற்காலியில் போட்டுவிட்டார். பஸ்ஸில் துண்டு போட்டவருக்கே சீட்டு என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

"டவல் கேம் ஃபர்ஸ்ட்," என்றார்.

"டவல் நோ டிக்கெட். ஐ ஹேவ் டிக்கெட்."

"யூ யங் மேன். யூ ஸ்டாண்ட்."

"மை முதுகு ஓல்ட் மேன்."

மொத்த வகுப்பும் எங்களைச் சுற்றி நின்றது. இத்தனை இங்கிலீஷ் எனக்குள் எங்கே கிடந்ததோ தெரியவில்லை.

"நேரம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, யாராவது விட்டுக்குடுங்க," என்றார் டீச்சர்.

"லாஸ்ட் மந்த் ஐ கிவ். நவ் நோ கிவ்," என்றேன்.

மிளகாய்க்காரர் துண்டை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இந்த வாய வச்சிக்கிட்டா வே பெர்த்த விட்டீரு?"

என் கிராமரைத் திருத்த விரும்புகிறவர்கள் கமெண்ட்டில் எழுத வேண்டாம். நேரில் வாருங்கள். சாயங்காலம் வகுப்பு வாசலில்தான் நிற்பேன்.