மோத்தியை நிற்க வைத்த ஜுபைதாக்கா

ஜுபைதாக்கா போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னான்... தூக்கத்திலேயே.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்கள் பக்கத்து வீடு. கணவர் கரீம் பாய் ஜட்கா குதிரைவண்டி ஓட்டினார்.

எனக்கு அப்போது பதினேழு. அக்காவுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கலாம்.

யுத்தம் முடிந்த சமயம், கரீம் பாய் ஒரு புதுக் குதிரை வாங்கினார். பெயர் மோத்தி. வீட்டு வாசலில் பரம சாது... ட்ராம் மணி கேட்டால் மட்டும் வேறு குதிரை.

ஒரு நாள் லஸ் முனையில் மிரண்டு வண்டியைக் கவிழ்த்துவிட்டது. கரீம் பாய் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வாணியம்பாடியில் இருந்த அவர் அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். ரம்ஜான் பெருநாள் கழித்து வருகிறேன், அந்தச் சனியனை ஓட்டிக்கொண்டு போய்த் தோல் மண்டிக்காரனிடம் தள்ளிவிடுகிறேன் என்று.

"தோலுக்குப் போய்டும் சரோ," என்றார் அக்கா. "அதுக்குள்ள இத்த ட்ராம் கிட்ட நிக்க வெக்கணும். நீ கூட வர்றியா?"

குதிரையைத் தொடவே எனக்குப் பயம். ஆனாலும் போனேன்.

விடிந்ததும் சாந்தோம் கடற்கரை மணல். வண்டி பூட்டுவது, ஏறி உட்காருவது எதுவும் கிடையாது. தலைக்கயிறு மட்டும். தரையில் நின்றபடியே எல்லாப் பழக்கமும்.

நட என்றால் நடக்க வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தினால் ஓரடி விலக வேண்டும். விலகிய கணமே அக்கா விரலை எடுத்துவிடுவார்.

என் வேலை சத்தம். வெண்கலத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவேன், ட்ராம் மணி மாதிரி.

நான் தட்டுவேன், அது துள்ளும், நான் பயந்து நிறுத்திவிடுவேன். இப்படியே போனது. துள்ளல் கூடிக்கொண்டே போனதே தவிர, குறையவில்லை.

ஒரு காலை அதன் முன்னங்கால்கள் என் தலைக்கு மேல் எழும்பின. அக்கா கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார்... மணலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம். நோன்பு நேரம், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அப்படியே மணலில் உட்கார்ந்திருந்தார்.

"நாமதான் அதுக்குத் துள்ளக் கத்துக் குடுத்துக்கினு கீறோம் சரோ," என்றார். "துள்னா சத்தம் நிக்குதுல்ல?"

மறுநாளிலிருந்து மாற்றினோம். தூரத்தில் நின்று மெதுவாகத் தட்டினேன். துள்ளினாலும் நிறுத்தவில்லை, தட்டிக்கொண்டே இருந்தேன். அது மூச்சு விட்டு நின்ற பிறகுதான் கரண்டியைக் கீழே இறக்கினேன்.

அக்காவும் அதன் பிறகு கயிற்றைச் சுற்றவில்லை, இழுக்கவில்லை. தளர்த்தியே பிடித்தார்.

பெருநாள் நெருங்கும்போது பக்கத்தில் நின்றே என்னால் தட்ட முடிந்தது. ஆனால் தாம்பாளம் ட்ராம் ஆகிவிடாது... அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அண்ணன்காரர் வந்தார். உட்காரக்கூட இல்லை, நேராகக் கயிற்றைக் கேட்டார்.

"லஸ் வரைக்கும் கூட வாங்கண்ணே," என்றார் அக்கா. "ட்ராம் கிட்ட நிக்கலன்னா அங்கேர்ந்தே இட்டுக்கினு போங்க."

"மறுபடி யாருக்கனா அடிபட்டா இன்னா பண்ணுவ?"

"பட்டா எனக்குத்தான் படும்."

நடந்தே போனோம். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, மோத்தியின் தோளோரமாக அக்கா. பின்னால் அண்ணன்காரர், அவருக்கும் பின்னால் நான்.

ட்ராம் வந்தது. டணங் டணங் என்று காலால் மணியை மிதித்துக்கொண்டே வந்தார் ஓட்டுபவர்.

மோத்தியின் காதுகள் விறைத்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பின்னால் நகர ஆரம்பித்தது... பின்னால் ஒரு கைரிக்‌ஷா, அதில் இரண்டு ஸ்கூல் பெண்கள். ரிக்‌ஷாக்காரருக்கு ஒதுங்க இடமில்லை.

அக்கா இழுக்கவில்லை. கயிறு தொங்கியபடியே இருந்தது. "நில்லு ராஜா" என்று மட்டும் சொன்னார், சாதாரணக் குரலில்.

நின்றது. முன்னங்கால் அக்காவின் பாதத்தின் மேல்.

எனக்கு அலற வேண்டும் போல இருந்தது. அலறினால் அது பாய்ந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா உதட்டைக் கடித்தபடி நின்றார். ட்ராம் முழுசாக எங்களைத் தாண்டிப் போகும் வரைக்கும்.

பிறகு மோத்தியின் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். அது காலைத் தூக்கி ஓரடி விலகியது. உடனே விரலை எடுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் கீழே உட்கார்ந்தார்.

அண்ணன்காரர் ரிக்‌ஷாவிலிருந்த பெண்களை இறங்கச் சொல்லிக் கெஞ்சி, அக்காவை அதில் ஏற்றினார், கயிற்றை என் கையில் கொடுத்தார். மோத்தியை நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக.

அக்காவின் பாதம் சரியாகக் கூடவில்லை. கடைசிவரை லேசாகச் சாய்ந்துதான் நடந்தார்.

மாதங்கள் கழித்துக் கரீம் பாய் வண்டியில் ஏறிய அன்று கடிவாளத்தைத் தொடத் தயங்கினார். அவர் மேலே உட்கார்ந்திருக்க, அக்கா கயிற்றைப் பிடித்துத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போனார். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"போதும் ஜுபைதா, விடு. நான் பாத்துக்கிறேன்," என்றார் கரீம் பாய்.

"இன்னும் ஒரு சுத்து," என்றார் அக்கா.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான் மகன். என் முட்டியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வர முடியாது, அக்கா.

இங்கிருந்தே... சலாம்.